மண்டோர் குடுத்த நம்பர்

காப்பார் ஊர்ப் பக்கம் ரோட்டில் யாராவது அடிபட்டால் ஜனங்கள் முதலில் பார்ப்பது அடிபட்டவனை இல்லை, அடித்த காடியின் நம்பரைத்தான். சாயங்காலத்துக்குள் அந்த நாலு எண்ணையும் லாட்டரி விற்கிற நம்பர் கடையில் எடுத்துவிட வேண்டும். அடிபட்டவன் பிழைப்பது அவன் தலையெழுத்து, நம்பர் அடிப்பது நம் தலையெழுத்து. இதைத் தப்பு என்று சொல்கிறவனும் சொல்லி முடித்துவிட்டு ஒரு வெள்ளி காசு போட்டு எடுக்கத்தான் செய்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிபட்டது தம்புசாமியின் நாய்.

நாய் என்றால் தின்றுவிட்டு வாசலில் சுருண்டு கிடக்கிற நாய் இல்லை. சம்பளம் இல்லாத வேலைக்காரன். பேர் மண்டோர். தோட்டத்தில் ஆள்களை விரட்டி வேலை வாங்கியவன் மண்டோர் என்றால், கொட்டாயில் ஆட்டை விரட்டி மேய்க்கிறவனும் மண்டோர்தானே என்று தம்புசாமி வைத்த பேர். செம்பனைக் காட்டிலிருந்து மலைப்பாம்பு இறங்கினால் முதல் குரல் அவனுடையது. ஒருமுறை ஆடு திருட வந்தவன் ஒருத்தன் கால்சட்டையில் பாதியை மண்டோர் வாயிலேயே விட்டுவிட்டு ஓடினான். அந்தத் துணியைத் தம்புசாமி வேலியில் மாட்டி வைத்தார். அடுத்து வருகிறவன் பார்த்துவிட்டு வரட்டும்.

தம்புசாமிக்கு எழுபத்திரண்டு வயது. பேங்கை நம்ப மாட்டார், மழைக் கணக்குச் சொல்கிற டிவியை நம்ப மாட்டார், இறைச்சிக் கடைத் தராசை நம்ப மாட்டார், தன் வீட்டுத் தராசையும் ரெண்டு தடவை நிறுத்துத்தான் பார்ப்பார். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர் நம்பிய ஒரே ஜீவன் மண்டோர். அதற்கும் காரணம் வைத்திருந்தார்: "நாய்க்குப் பேச்சு வராது. பேச்சு வராதவனுக்குப் பொய்யும் வராது."

நடந்தது இதுதான். பெரிய கறுப்புக் கெடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறிவிட்டது. மண்டோர் ஓடிப்போய் அதைப் பள்ளத்துக்குத் தள்ளினான். கெடா தப்பியது. வந்த வெள்ளைக் காடி மண்டோரின் பின்னங்காலில் ஏறி, கொஞ்சம் தயங்கி, பிறகு பறந்துவிட்டது. நம்பரைத் தம்புசாமி பார்த்தார். 4719. ஜென்மத்துக்கும் மறக்காது.

அவர் நாயிடம் குனிவதற்குள் மூணு மோட்டார் சைக்கிள் வந்து நின்றுவிட்டது. எதிரே பலகாரக் கடை போட்டிருக்கும் மாரியாயி, எண்ணெய் சொட்டுகிற ஜல்லிக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, நம்பர் பாத்தீங்களா?"

"நாயி கால் தொங்குது, உனக்கு நம்பரா?"

"நாயைப் பாக்க நீங்க இருக்கீங்க. நம்பரைப் பாக்க யாரு இருக்கா? சொல்லுங்கலா."

தம்புசாமிக்கு உச்சந்தலைவரை ஏறியது. அந்தக் கெடா எதுவுமே நடக்காத மாதிரி எதிரே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் காதில் கால்நடை இலாகாக்காரர்கள் அடித்துவிட்டுப் போன மஞ்சள் வில்லை. அதில் இருந்ததை அப்படியே படித்தார்.

"ஆறு, கோசோங், எட்டு, மூணு! போய் எடுங்க! எடுத்து நாசமாப் போங்க!"

எல்லாரும் நன்றாகத் தோற்று ஒழியட்டும் என்றுதான் சொன்னார். அவர்களோ ஆசீர்வாதம் வாங்கிக்கொண்ட மாதிரி கலைந்து போனார்கள்.

ஸ்கூல் வேன் ஓட்டுகிற ராதாகிருஷ்ணன் மட்டும் நின்றான். மண்டோரைக் கோணியில் தூக்கி வேனில் போட்டு, கிள்ளானில் இருக்கும் நாய் கிளினிக்குக்கு ஓட்டினான். நல்ல பையன்தான். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் தன் கூட்டாளிகளுக்கு 6083 என்று போனில் அனுப்பிக்கொண்டே வந்தான்.

டாக்டர் சுரேகா சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். தொடை எலும்பு ரெண்டு துண்டு.

"தகடு வச்சு ஸ்க்ரூ போடணும் அங்கிள். எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு வரும்."

தம்புசாமி எக்ஸ்ரேயைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு கிளினிக்கின் ஏர்கோனைப் பார்த்தார்.

"இந்த ஏர்கோன் மாட்டின காசும் அதுல சேத்தியா?"

"அங்கிள்!"

"நான் முகத்துக்கு நேரா கேக்குறவன்மா. மனுசனுக்குக் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளி. நாய்க்கு நாலாயிரமா?"

"மனுசனுக்கு மிச்சத்தைக் கவர்மெண்டு கட்டுது. நாய்க்கு யாரு கட்டுறா? தகடு, ஸ்க்ரூ எல்லாம் வெளிநாட்டுலேருந்து வருது. மனுசனுக்குப் போடுற அதே சாமான்தான். வேணும்னா மண்டோருக்குச் சட்டை மாட்டி ஆஸ்பத்திரியில நம்பர் எடுத்து உக்கார வச்சுப் பாருங்க."

'இவளுக்கும் வாய் இருக்கு' என்று தம்புசாமி மனசுக்குள் ஒரு மார்க் போட்டார். ஆனால் விடவில்லை.

"செகண்ட்-ஹேண்ட் ஸ்க்ரூ கிடைக்காதா? லோரிக்கெல்லாம் கிடைக்குதே."

"மண்டோர் லோரி இல்லை அங்கிள். காலை எடுத்துட்டா பாதிச் செலவு. அதுவும் வேணாம்னா ஊசி போட்டு முடிச்சிடலாம். அது ரொம்ப மலிவு." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. "மூணு காலோட நாய் நல்லா வாழும். ஆனா ஆட்டுக்குப் பின்னாடி ஓடுற வேலை முடியாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பாதியைக் கட்டிடுங்க, மிச்சத்தை மாசாமாசம் வாங்கிக்கிறேன். தள்ளிப் போட்டா எலும்பு கோணலாச் சேர்ந்துடும்."

ஆட்டை விற்கலாமே என்று கேட்பீர்கள். கொட்டாயில் நிற்கிற பாதி ஆட்டுக்குத் தீபாவளி அட்வான்ஸ் வாங்கி, அதைக் கூரைத் தகரத்துக்குப் போட்டாயிற்று. மிச்சம் சினையாடும் குட்டியும். அந்தக் கறுப்புக் கெடா ஒன்றுதான் மீதம். அவசரத்துக்கு விற்கிறவன் என்று தெரிந்தால் வாங்க வருகிறவன் கழுத்தை அறுப்பான், ஆட்டுக் கழுத்தை இல்லை.

"ஆட்டைக் காக்கத்தான் நாயி வச்சேன்," என்றார் தம்புசாமி. "இப்ப நாயைக் காக்க ஆட்டை விக்கச் சொல்றீங்க. இது எந்த ஊரு கணக்கு?"

மேசையில் படுத்திருந்த மண்டோர் வலியோடு வலியாக நாக்கை நீட்டி அவர் முழங்கையை நக்கினான். தம்புசாமி சட்டென்று திரும்பி ராதாகிருஷ்ணனைத் திட்டினார். "என்னடா பாக்குற? வேனை எடு."

போகிற வழியில் நம்பர் கடை. தம்புசாமி அந்தக் கடைக்குள் இருபது வருசமாகக் கால் வைத்ததில்லை. நமக்குக் குடுக்கவா அவன் கடை தொறந்திருக்கான் என்பவர். ஆனால் நிஜ நம்பர் தெரிந்த ஒரே ஆள் காப்பாரிலேயே அவர்தான். ஊரே பொய் நம்பரை எடுத்திருக்கிறது. மண்டோர் பட்ட பாட்டுக்குக் கூலி மாதிரி இது அடிக்கத்தானே வேண்டும்? பையில் இருந்த நூறு வெள்ளியையும் 4719-இல் போட்டார். சீட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா, 6083 தானே எடுத்தீங்க?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

சாயங்காலம் மாரியாயி கடையில் கூட்டம். ராதாகிருஷ்ணன் போனைப் பார்த்துப் படித்தான். முதல் பரிசு வேறு யாருக்கோ. ரெண்டாவதும் அப்படியே. மூணாம் பரிசு வந்ததும் அவன் குரல் உடைந்தது.

"ஆறு... கோசோங்... எட்டு... மூணு!"

மாரியாயி கரண்டியை எண்ணெயில் போட்டுவிட்டுக் கத்தினாள். மோட்டார்காரன் ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்ததில் பெஞ்சு உடைந்தது. தம்புசாமி மட்டும் போனைப் பிடுங்கி ஆறுதல் பரிசு வரைக்கும் விரலால் தடவித் தேடினார். 4719 எங்கேயும் இல்லை. தோற்று ஒழியட்டும் என்று சபித்தவர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள். உண்மையைக் கையில் பொத்தி வைத்திருந்தவர் நூறு வெள்ளியைத் தொலைத்தார்.

"மண்டோர் குடுத்த நம்பர்!" என்றாள் மாரியாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெய்வம்ணே அது. நம்ம மரத்தடி முனியாண்டிக்கு டைல்ஸ் போட்டது யாரு? நம்பர் அடிச்சவங்கதானே. குடுத்த சாமிக்குத் திருப்பிச் செய்யாட்டி அடுத்த நம்பர் வருமா? நாளைக்கே மண்டோருக்குப் பூசை போடுறோம்."

தம்புசாமி வாயைத் திறந்தார். 'அடி கிறுக்கச்சி, அது காடி நம்பரே இல்லை, கெடா காது' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுபத்திரண்டு வருசமாக நுனிக்கு வந்த எதையும் அவர் திரும்ப விழுங்கியதில்லை. அன்றைக்கு விழுங்கினார். பாகற்காய்ச் சாறு மாதிரி இறங்கியது.

மறுநாள் காலையில் கிளினிக் வாசலில் ராதாகிருஷ்ணன் வேன் நின்றது. இறங்கியவர்கள் கையில் சாமந்தி மாலை, தேங்காய், கற்பூரத் தட்டு, ஒரு முழுக் கோழி வறுவல். கூண்டுக்குள் மருந்து மயக்கத்தில் கிடந்த மண்டோருக்கு மாரியாயி சூடம் ஏற்றப் போனாள்.

"ஆன்டி! உள்ளே நெருப்பு வேணாம்! அங்கே ஆக்சிஜன் டேங்க் இருக்கு!" என்று டாக்டர் ஓடி வந்தாள்.

"ஒரே ஒரு சுத்துலா டாக்டர்."

தம்புசாமிக்கு அப்போதுதான் பழைய வாய் திரும்பி வந்தது. "மாலை யாருக்கு? அவன் அதைத் தின்னுட்டு வாந்தி எடுக்கவா? தேங்காயை உடைச்சா காலு ஒட்டுமா? சாமிக்கு டைல்ஸ் போட்டீங்கல்ல, இந்தச் சாமிக்குத் தகடும் ஸ்க்ரூவும் போடுங்க. கட்டு காசை!"

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மாரியாயிதான் முதலில் ரவிக்கைக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். அவள் எடுத்த பிறகு மற்றவன் எடுக்காமல் இருக்க முடியுமா? மேசை மேல் நோட்டு குவிந்தது. பாதி கட்டியது போக, மிச்சத்திலும் பெரும் பங்கு சேர்ந்துவிட்டது.

டாக்டர் சுரேகா தம்புசாமியின் காதருகே வந்தாள். "அங்கிள், இத்தனை வருசத்துல நாய்க்கு ஊரே சேர்ந்து கட்டினதை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பாசமா?"

"பாசமாம் பாசம்," என்று முனகினார். அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் ஸ்க்ரூ போய்விடும்.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மண்டோர் கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு வீட்டுக்கு வந்தான். ஓட விடாதீர்கள், கட்டிப் போடுங்கள் என்று டாக்டர் உத்தரவு. தம்புசாமி கொட்டாய் வாசலில் சாக்கு விரித்துக் கட்டிப் போட்டார். ஆனால் நாய் குரைக்கவே இல்லை. பாம்புக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. ஆடுகள் அவன் மூக்குக்கு நேரே வேலியைத் தாண்டின, அவன் புனலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு கிடந்தான். வாரம் வாரமாக இதே கதை. காலை ஒட்டிவிட்டார்கள், உள்ளே இருந்த மண்டோரைத் தொலைத்துவிட்டார்களோ என்று தம்புசாமி பயந்தார். அத்தனை காசும் சும்மா கிடக்கிற ஒரு திண்டுக்கா கட்டினோம் என்று வாயால் சொன்னார். மனசில் சொன்னது வேறு.

ஒருநாள் விடிகிற நேரத்தில் கொட்டாயே அதிர்கிற மாதிரி குரைப்பு. தம்புசாமி கைலியை இறுக்கிக்கொண்டு ஓடினார். கயிறு அறுந்து கிடந்தது. புனல் நசுங்கித் தொங்க, மூணேகால் காலில் நின்றுகொண்டு மண்டோர் யாரையோ மூலையில் மடக்கியிருந்தான். பூப்போட்ட கைலி. கையில் போன் வெளிச்சம். இன்னொரு கையில் ஒரு வெள்ளாட்டின் காது.

"மாரியாயி! ஆடு திருட வந்தியா?"

"ஆடு யாருக்குண்ணே வேணும்? காதைப் பாக்க வந்தேன். முதல்ல இதைக் கூப்பிடுங்க!"

"காதுல என்ன?"

"நடிக்காதீங்க. உங்க கறுப்புக் கெடா நேத்து என் கழனித் தண்ணியில வாய வச்சுது. காதுல பாத்தேன். 6083! காடி நம்பரும் கெடா நம்பரும் எப்படிண்ணே ஒண்ணா இருக்கும்?"

இத்தனை வாரமாக விழுங்கி வைத்த பாகற்காய்ச் சாறு தம்புசாமிக்கு அப்படியே மேலே வந்தது. ஸ்க்ரூவும் ஏறியாச்சு, இனி என்ன பயம்?

"கேட்டுக்க. காடி நம்பர் வேற. நான் பொய் சொன்னேன். நாயைப் பாக்காம நம்பரைப் பாத்தீங்கன்னு வயிறு எரிஞ்சுது. நீங்கள்லாம் தோக்கணும்னுதான் கெடா காதைப் பாத்துச் சொன்னேன். நிஜ நம்பரை நான் எடுத்தேன், நூறு வெள்ளி போச்சு. போதுமா?"

மாரியாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"யாருகிட்டண்ணே கதை விடுறீங்க? நூறு வெள்ளியை நீங்க நம்பர்ல போட்டீங்களாக்கும்! உங்க கொட்டாயில நம்பர் விளையுதுன்னு வெளிய தெரியக்கூடாது. அதானே?"

"சத்தியமா சொல்றேன்!"

"பாத்தீங்களா, சத்தியம் வேற. இதுக்கு முன்னாடி எப்பண்ணே சத்தியம் பண்ணீங்க?"

வாழ்நாளெல்லாம் ஒருத்தரையும் நம்பாதவர், தன்னை ஒருத்தி நம்பவில்லையே என்று திகைத்து நின்றார். அந்தச் சந்தில் மாரியாயி இன்னொரு காதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். மண்டோர் பாய்ந்தான். கைலியின் ஓரம் கிழிந்து அவன் வாயோடு வந்தது.

"ஐயோ! நான் கட்டின காசுல போட்ட காலு, என்னையே விரட்டுதே!" என்று கத்திக்கொண்டு மாரியாயி வேலியைத் தாண்டி ஓடினாள்.

"காசு வேற, வேலை வேற!" என்று தம்புசாமி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். மண்டோரின் வாயிலிருந்து பூப்போட்ட துணியை வாங்கி, பழைய கால்சட்டைத் துண்டுக்குப் பக்கத்தில் வேலியில் மாட்டினார். நாயின் தலையைப் புனலோடு சேர்த்துத் தடவினார்.

பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். ரோட்டில் யாரும் இல்லை. மாரியாயி பிடித்த அந்த வெள்ளாடு பக்கத்திலேயே நின்றது. அவள் பைத்தியக்காரிதான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் குனிந்து, கண்ணைச் சுருக்கி, மெதுவாக அதன் காதைத் திருப்பினார்.

மண்டோர் அவரைப் பார்த்துக் குரைத்தான்.