கேப்டனின் இரண்டாவது முகம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர் வந்ததற்கும் சட்டப் படிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பழைய விண்வெளித் தொடர் ஒன்றுக்காக, அது கேட்டுக்கொள்ளாமலேயே, வருடக்கணக்காக அவர் வாதாடி வந்தார்.

சனிக்கிழமை மாலைகளில் கடையின் பின்னறையில் கூட்டம் கூடும். கூட்டம் என்றால் ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், வக்கீல். டிவியில் தொடர் ஓடும். மற்ற இருவரும் ஓட்டையைக் கண்டுபிடித்துக் கத்த வேண்டும். வக்கீல் அதை அடைக்க வேண்டும். வேற்றுக்கிரகவாசியின் கையில் நம்மூர்க் கைக்கடிகாரமா? அங்கேயும் ஆபீஸ் உண்டு. போன வாரம் வெடித்துச் செத்த இன்ஜினியர் இந்த வாரம் காபி குடிக்கிறாரா? கப்பல் காலத்தில் பின்னால் போய்விட்டது. பாவம், மனுஷருக்கு லீவு கிடைக்கவில்லை.

விதி ஒன்றே ஒன்று. ‘எடுத்தவங்க கோட்டை விட்டுட்டாங்க’ என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வாரம் பிஸ்கட் அவர் செலவு.

வக்கீலுக்குப் புகழ் தேடித் தந்தது கேப்டன் கேஸ். இரண்டாவது சீசனில் கேப்டனாக வேறு நடிகர் வருகிறார். கப்பலில் ஒருத்தரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. வக்கீல் சொன்னார்: “கதிர்வீச்சுல முகம் மாறிப்போச்சு. கேட்டா மனசு கஷ்டப்படுவாரேன்னு யாரும் கேக்கல.” பல் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த விளக்கம் பின்னறையில் பிறந்ததல்ல. அதைக் கண்டுபிடித்தபோது வக்கீலுக்கு ஐந்து வயது.

ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. பையனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அப்பா ஒருத்தியைக் கூட்டி வந்தார். அம்மாவின் தங்கை. அதுவரை வெளியூரிலேயே இருந்தவள். அதே மூக்கு, அதே நெற்றி. “இவங்க யாருன்னு தெரியுதா?” என்று கேட்டுவிட்டு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த வாரம்தான் டிவியில் கேப்டன் புது முகத்தோடு வந்திருந்தார். பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். “அம்மா” என்றான்.

பெரியவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது. “என்ன சமத்துப் பிள்ளை!” என்றார்கள். முதல் அம்மாவின் படம் பரணுக்கு ஏறியது. விவரம் தெரிந்த வயதில் அவனுக்கும் புரிந்துதான் போனது. அதற்குள் அழ வேண்டிய நேரம் கடந்துவிட்டிருந்தது.

இப்போது அந்தத் தங்கைதான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரல். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வக்கீல் அவள் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்டா. மழுப்பக் கூடாது.”

“கேளும்மா.”

“முதல் நாள் என்னைப் பாத்து அம்மான்னியே, யாரைக் கூப்பிட்டே?”

“உன்னைத்தான். வேற யாரு இருந்தா அங்க?”

“வக்கீல் வேலையெல்லாம் கடையோட வச்சுக்கோ.” மூக்கில் செருகிய குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அவ இடத்துல உக்காந்துக்கிட்டு, அவளைக் கூப்பிட்டதுக்கெல்லாம் நான் என்னன்னு கேட்ட மாதிரியே இருக்குடா. ஒரு நாளாவது நான்னு தெரிஞ்சு கூப்பிட்டிருக்கியா? அது தெரிஞ்சா நிம்மதியாப் போயிடுவேன்.”

வக்கீலுக்கு மூன்று விளக்கங்கள் தயாராக வந்து நின்றன. மூன்றையும் விழுங்கினார்.

“முதல்ல அவங்கன்னுதான் நினைச்சேன். முகம் மட்டும் மாறிப்போச்சுன்னு. அப்புறம் ஒவ்வொண்ணா இடிச்சுது.”

“என்ன இடிச்சுது?”

“கத்திரிக்கோலை இடது கையில பிடிப்பே. பொய் சொன்னா உனக்குத் தும்மல் வரும். அப்பாகூடச் சண்டைன்னா கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவே. கதவைக் காலால உதைச்சுத்தான் சாத்துவே. தப்பு பிடிக்கிறவன் மாதிரி உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்துல இருந்து வர்றேன், நீ கதவை ஒரு உதை விட்டே. இவங்க வேற ஆளுதான்னு உறுதியாயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலமும் அம்மான்னுதான் கூப்பிட்டேன். அது உன்னைத்தாம்மா.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. “உதைச்சுச் சாத்தினா தப்பா?”

“பின்னே? அந்தக் கதவைக் கேட்டுப் பாரு.”

கண்களை மூடிக்கொண்டே கேட்டாள். “அக்கா எப்படிச் சாத்துவா, சொல்லு.”

வக்கீல் யோசித்தார். ஒரு கை, ஒரு குரல், ஒரு முதுகாவது வருமா என்று பார்த்தார். கேப்டனின் பழைய முகம்தான் வந்தது.

“ஞாபகம் இல்லம்மா.”

“எப்படி இருக்கும்? நீ அம்மான்னதும், தப்பிச்சோம்டா சாமின்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம்.” மூச்சு வாங்கியது. “அவ சாத்தவே மாட்டா. எந்த ரூமுக்குப் போனாலும் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிடுவா. அதுக்கு வாங்காத திட்டு கிடையாது. நாளைக்கு வா, மிச்சத்தைச் சொல்றேன்.”

மறுநாள் அவளால் பேச முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் அவளே இல்லை.

காரியங்கள் முடிந்து, வக்கீல் மறுபடி பின்னறைக்கு வந்தார். துக்கம் விசாரிக்கத் தெரியாத நண்பர்கள், மனுஷர் தேறட்டும் என்று கேப்டன் முகம் மாறி வரும் பகுதியைப் போட்டார்கள்.

“வக்கீலே, ஆளே மாறிட்டாரே!” பஸ் டிரைவர் வழக்கம்போல் எடுத்துக் கொடுத்தார். “இதுக்கு என்ன சொல்றீங்க?”

“முதல்ல இருந்தவர் செத்துப் போயிட்டாருங்க” என்றார் வக்கீல்.

பல் டாக்டர் பிஸ்கட் என்று வாயெடுத்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“அந்த நடிகர் பேரு என்ன?” என்று வக்கீலே கேட்டார்.

கப்பலில் எத்தனை திருகாணி என்று கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள். அது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. டிரைவர் முதல் சீசன் டிவிடியைத் தேடியெடுத்துப் போட்டார். கடைசியில் பெயர்கள் வரிசையாக மேலே ஏறின.

“அங்க நிறுத்துங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். கடை வெளிச்சம் திரையில் விழுந்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கதவைச் சாத்த டிரைவர் எழுந்தார்.

“வேண்டாங்க. திறந்தே கிடக்கட்டும்.”

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வக்கீல் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.