பதினோரு நாள் இடைவெளி

சங்கராபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் கணக்குப் பாடம் எடுத்த எஸ்தருக்கு மாலத்தீவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், தங்க இடம், வருடத்துக்கு ஒருமுறை விமான டிக்கெட். உறவினர்கள் எல்லோரும் கடல், மீன், வெயில் என்று விசாரித்தார்கள். எஸ்தர் மட்டும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றியே கவலைப்பட்டாள்.

வேலைக்கான கடிதத்தோடு அந்தப் பள்ளி நாற்பத்திரண்டு பக்கக் காப்பீட்டு விதிகளை அனுப்பியிருந்தது. எஸ்தர் அதை அச்செடுத்து, பச்சை மையால் அடிக்கோடு போட்டு, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். அவள் கணவன் எட்வின் அரசுப் பேருந்து ஓட்டுநர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையேறி கரியாலூர் போய்த் திரும்பும் வண்டி அவனுடையது. ஒன்பது வருடமாக அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறவன். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

"இன்னா எஸ்தர், சீக்கு வர்றதுக்கு இப்பவே படிச்சிக்கினு கீற? சீக்கு பயந்துகினு ஓடிடும் போல."

"நீங்க சிரிங்க. மாசக்கடைசியில இங்க ராஜினாமா குடுத்தா, நம்ம ஸ்கூலு இன்சூரன்சு அன்னிக்கே போயிடும். அந்த ஸ்கூலு இன்சூரன்சு அங்க போயி வேல அனுமதி அட்டை வந்தாத்தான் ஆரம்பிக்கும். நடுவுல?"

"நடுவுல நான் கீறேன்."

"நீங்க இன்னா, ஆஸ்பத்திரியா?"

சந்தேகம் தீர்க்க அறிவுச்செல்வன் வந்தான். ஊரில் பாதிப் பேருக்குக் காப்பீடு போட்டுக் கொடுத்த முகவர். எஸ்தர் முன்னால் உட்கார்ந்ததும் பழைய மாணவனைப்போல முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"டீச்சர், மூணு வழி இருக்குங்க. பயணக் காப்பீடு எடுத்தா நம்ம நாட்ட தாண்டுனதும் ஆரம்பிச்சிடும். அங்க ஸ்கூலோடது வர்ற வரைக்கும் அது தாங்கும். ரெண்டாவது, ஒலகம் பூரா செல்லுற மாதிரி பெரிய காப்பீடு. ரொம்ப ஜாஸ்திங்க. மூணாவது, இங்கயே ஒன்னு. அது அங்க செல்லாது."

எஸ்தர் தாளில் கட்டம் போட்டுத் தேதிகளை நிரப்பினாள். பயணக் காப்பீடும் பள்ளிக் காப்பீடும் சேர்ந்தால் மே பன்னிரண்டாம் தேதி விமானம் ஏறுவதிலிருந்து குறை இல்லை. ஏப்ரல் முப்பதோடு பழையது முடிகிறது. மே ஒன்று முதல் பதினொன்று வரை கட்டங்கள் காலியாக நின்றன.

"இந்தப் பதினோரு நாளுக்கு?"

"பதினோரு நாளுக்குன்னு தனியா கெடையாதுங்க. ஒரு வருசத்துக்கு எடுக்கணும். அதுலயும் மொத முப்பது நாளு விபத்துக்கு மட்டுந்தான் தருவாங்க, நோய்க்கு இல்ல."

"அப்ப வேணாம். நோயிதான் சொல்லாம வரும். விபத்து ஜாக்கிரத இல்லாதவங்களுக்கு வர்றது."

தினமும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற எட்வின் ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தான்.

மே முதல் தேதியிலிருந்து எஸ்தர் ஸ்கூட்டரைத் தொடவில்லை. கடைத்தெருவுக்கு நடந்தே போனாள். வெளியில் தண்ணீர் குடிக்கவில்லை. குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டாள். மாதா கோயில் பூசைக்குப் போனபோதும் இருமுகிறவர்களுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தாள்.

"தவக்காலம் முடிஞ்சிதான் போச்சி," என்றான் எட்வின். "நீ இன்னும் நோம்புல கீற."

ஆறாம் தேதி பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் எஸ்தரை வழியனுப்ப ஒரு வேன் பிடித்துக் கரியாலூர் அருவிக்குப் போனார்கள். கோடை மழையில் அருவி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எஸ்தருக்குப் போக விருப்பமில்லை. தனக்கான விருந்துக்குத் தானே வராமல் இருக்க முடியாது என்பதால் போனாள். பாசிப் பாறையில் எல்லோரும் வழுக்கிக்கொண்டும் கத்திக்கொண்டும் குளித்தார்கள். அறிவியல் டீச்சர் கோகிலவாணி இரண்டு முறை பொத்தென்று விழுந்து, இரண்டு முறையும் சிரித்தபடி எழுந்தாள்.

"எஸ்தர், வா! ஒன்னும் ஆவாது!"

"நீங்க குளிங்க. நான் இப்படியே குந்தினு பாக்குறேன்."

தண்ணீருக்கு வெகு தூரத்தில், டீக்கடை நிழலில், சமதரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவளே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டாள். கடைக்காரி தட்டில் மிளகாய் பஜ்ஜி கொண்டுவந்தாள். எஸ்தர் வேண்டாம் என்று கையை ஆட்டிப் பின்னால் சாய்ந்தாள். நாற்காலியின் பின்கால் படக்கென்று முறிந்தது. இடது கையை ஊன்றி மல்லாந்து விழுந்தாள்.

ஈரத்துணியோடு எல்லோரும் ஓடிவந்தார்கள். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. வேன் ஓட்டுநர் சாப்பிடப் போய்விட்டு இன்னும் திரும்பவில்லை. அந்த நேரம் கள்ளக்குறிச்சி பேருந்து கரியாலூரில் புறப்படத் தயாராக நின்றது. ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கோகிலவாணி அவளை அங்கே கொண்டுபோனாள். ஓட்டுநர் இருக்கையில் எட்வின்தான்.

துப்பட்டாவில் கட்டித் தொங்கிய கையை அவன் பார்த்தான். கேலியாக ஒன்றும் வரவில்லை அவன் வாயில். "எங்க வுழுந்த, அருவியிலயா?"

"நாற்காலியில."

அவன் வண்டியை எடுத்தான். ஒன்பது வருடத்தில் அந்தப் பேருந்து அப்படி இறங்கியதே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கர்ப்பிணியை நடத்திக் கூட்டிப்போவதுபோலத் திருப்பினான். ஒரு பைக் முந்திப் போனது. பலாப்பழம் ஏற்றிய டிராக்டரும் முந்திப் போனது. சந்தைக்குப் போகிற கொளஞ்சியம்மாள் பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தாள்.

"யப்பா டைவரு, எறங்கி நடந்தா நான் முன்னால போயிடுவேன் போல கீதே!"

"பொண்டாட்டி கையி ஒடிஞ்சி கீதுங்க அம்மா, பின்னால குந்தினு கீது."

"அய்ய, அப்ப மெதுவா போ. இன்னும் மெதுவா போ," என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்துவந்து எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அடிவாரம் வரை பிடியை விடவில்லை.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போடக் காத்திருந்தபோது எஸ்தர் அழத் தொடங்கினாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றான் எட்வின். வண்டியை மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்திருந்தான்.

"வலி இல்ல. அங்க போயி இப்படி ஆனா, பில்லு கட்ட கம்பெனி கீது. தலைய யாரு வாரி வுடுவாங்க? சுடுதண்ணி யாரு வெச்சிக் குடுப்பாங்க? அத்தினி பக்கமும் படிச்சேன், அது மட்டும் எங்கயும் இல்ல."

இத்தனை நாளும் அவள் பச்சை மையால் அடிக்கோடு போட்டதெல்லாம் இந்தப் பயத்துக்குத்தான் என்று எட்வினுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இருக்குது," என்றான். "முப்பத்தொன்னாம் பக்கம். ஏழு நாளுக்கு மேல ஆஸ்பத்திரியில படுத்தா, வூட்டு ஆளு ஒருத்தரு வந்து பாத்துக்க டிக்கெட்டு குடுப்பாங்க."

எஸ்தர் கண்ணைத் துடைத்தாள். "நீங்க படிச்சீங்களா?"

"கரியாலூர்ல வண்டி அரமணி நேரம் நிக்குது இல்ல. போட்டோ புடிச்சி வெச்சிகினு படிச்சேன். பாதி புரியல, அறிவுச்செல்வன கேட்டேன். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அதுக்குன்னு போன ஒடனே எட்டு நாளு படுத்துக்காத."

அவள் நல்ல கையால் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.

மறுநாள் மாலத்தீவுப் பள்ளிக்கு எஸ்தர் நடந்ததை எழுதினாள். ஒரே வரியில் பதில் வந்தது: எந்தக் கை? இடது கை என்று எழுதினாள். அப்படியானால் குறித்த நாளில் வரவும் என்றார்கள்.

அந்தப் பள்ளி அனுப்பிய காப்பீட்டுப் படிவத்தில் சமீபத்திய காயங்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. அறிவுச்செல்வன் தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், அங்க போயி கட்டு பிரிச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது? எழுதினா அந்தக் கைக்கு இனிமே ஒன்னும் தரமாட்டாங்க."

"மறைச்சா மொத்தத்துக்கும் தரமாட்டாங்க. தெரிஞ்சிகினே இப்படிச் சொல்லித் தரலாமா நீ?"

அவன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான். எஸ்தர் உள்ளதை உள்ளபடி எழுதினாள். இடது மணிக்கட்டு ஓராண்டுக்குக் காப்பீட்டில் சேராது என்று பதில் வந்தது. "மத்த எடமெல்லாம் கம்பெனிக்காரன் பொறுப்பு," என்று எட்வின் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "இடது மணிக்கட்டு மட்டும் எனக்கு."

பன்னிரண்டாம் தேதி மாவுக்கட்டோடு விமானம் ஏறினாள். வலது கையால் கரும்பலகையில் எழுதினாள். பிள்ளைகள் கட்டு முழுக்கப் பெயர் எழுதி வைத்தார்கள். ஜூன் கடைசியில் தீவின் சுகாதார நிலையத்தில் கட்டைப் பிரித்தபோது, அந்தச் செலவைத் தன் கையிலிருந்தே கொடுத்தாள். அதன்பிறகு ஒரு தும்மலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

டிசம்பரில், யாரும் படுக்காமலேயே, சொந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு எட்வின் கிளம்பினான். மாலே விமான நிலையத்தில் அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எட்வினுக்குக் கேள்வி புரிந்தது, பதில் தமிழில்தான் வந்தது.

"பொண்டாட்டி நல்லாத்தான் கீறா சார். சும்மா பாக்க வந்தேன்."

அதிகாரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.