அவரைக் கழுவி வெச்சிட்டேன்

சக்களத்தி என்ற சொல்லுக்கு ஆண்பால் என்னவென்று சின்னராஜ் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தான். கிடைத்தால் பீரோவின் மேல்தட்டில் நீல டப்பாவுக்குள் படுத்திருப்பவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிடலாம். படுத்திருப்பது ஆளில்லை, சிலிக்கானில் செய்த அரை முகம். இடது கண், அதற்குக் கீழே கன்னம், மூக்கில் பாதி. எல்லாம் சின்னராஜின் சாயல்தான். இருந்தும் அதைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடி வெடித்து அவன் முகத்தின் இடது பாதி போய் மூன்று வருஷம் ஆகிறது. ஏழு ஆபரேஷன். இருந்ததையெல்லாம் தைத்தார்கள், இல்லாததை எங்கிருந்து கொண்டுவந்து தைப்பது? ஜமுனாமரத்தூருக்கு மேலே இருக்கும் தன் ஊருக்குத் திரும்பியவன், உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஐந்து மாசம் வெளியே வரவில்லை. அன்பரசி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் கதவுக்கு வெளியே கை நீளும். எந்நேரமும் முகத்தில் துண்டு. கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அதை ஒரு தரம் அவிழ்த்துக் காட்டவில்லை.

பிறகுதான் வேலூரில் டாக்டர் சிவசங்கரி கிடைத்தார். முகம் சிதைந்தவர்களுக்கு முகம் செய்து தருகிறவர். அச்செடுத்து, மெழுகில் வடித்து, சிலிக்கானில் வார்த்தார். கல்யாண போட்டோவைப் பார்த்துத்தான் கண்ணையும் கன்னத்தையும் பிடித்தார். கடைசியில் நிறம் பார்க்க அன்பரசியைக் கூப்பிட்டார். அதை முகத்தில் ஒட்டி முடித்த பிறகே அவளை உள்ளே விட வேண்டும் என்று சின்னராஜ் கறாராகச் சொல்லிவிட்டான்.

அன்பரசி அரை மணி நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது மார்கழி கலரு டாக்டர். மாசியில புளி உலுக்க வெயில்ல நின்னார்னா இவரு இன்னும் கறுத்துப்பூடுவாரு."

டாக்டர் சிரித்துவிட்டு, குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என இரண்டு செய்து கொடுத்தார். பெண்டாட்டிக்குத் தன் மேல் எவ்வளவு அக்கறை என்று சின்னராஜ் அன்றைக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போனான். அந்தக் குளிர்ச்சி வீடு வந்த மூன்றாம் நாள் வரைக்கும் தாங்கியது.

சாயங்காலமானால் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். உள்ளறையில் கழற்றி, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு தட்டில் வைத்துக் கதவுக்கு வெளியே தள்ளுவான். எந்த வேலையாக இருந்தாலும் போட்டது போட்டபடி அன்பரசி ஓடி வருவாள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பு. விரல் நுனியால் அந்தக் கன்னத்தைத் தடவித் தடவிக் கழுவுவாள். இமையோரம் ஒட்டிய பசையை நோகாமல் உரித்து எடுப்பாள். கடைசியில் முந்தானையால் ஒற்றி ஒற்றித் துடைப்பாள். கதவிடுக்கு வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, அவனுக்கு எப்படி இருக்கும்?

எரிந்தது, வேறென்ன? அந்தக் கன்னத்துக்கு வயது இருபத்தைந்து, இவனுக்கு முப்பத்தாறு. அதற்குச் சுருக்கம் விழாது, கோபம் வராது, ராத்திரியில் கத்திக்கொண்டு எழுந்திருக்காது. இதெல்லாம்கூடப் போகட்டும். கழுவி டப்பாவில் வைத்ததும் அவள் ஒன்று சொல்வாள் பாருங்கள், அதுதான் ஆளைக் கொன்றது.

"அவரக் கழுவி வெச்சிட்டேன். நீ சாப்ட வா."

அவராம்! கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வீட்டுக்குள் இவனுக்குக் கிடைத்ததெல்லாம் நீ, வா, போ, யோவ். நாட்டுக்காக முகத்தைக் கொடுத்தவனுக்கு யோவ், ரப்பர் துண்டுக்கு அவரா? காலையில் "அவரு எழுந்துட்டாரா?" என்பாள். வெயில் ஏறினால் "அவருக்கு ஆவாது, நெழலுக்கு வா" என்பாள். சின்னராஜ் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கலசப்பாக்கத்தில் அவள் அண்ணன் மணிவேலின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. எட்டரை பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். விடியற்காலையில் அவள் குளிக்கப் போன சமயம் சின்னராஜ் எழுந்து, டப்பாவிலிருந்த இரண்டு முகங்களையும் எடுத்து, சாமை கொட்டி வைத்திருந்த டிரம்மில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தான். இன்றைக்குத் தெரிந்துவிடும். அவன் இல்லாமல் வெறும் என்னோடு இவள் சபைக்கு வருவாளா, மாட்டாளா? வந்தால் பெண்டாட்டி. வராவிட்டால் அந்த ரப்பரோடேயே குடும்பம் நடத்தட்டும்.

பட்டுப்புடவை கட்டி முடித்த அன்பரசி டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"யோவ், இதுல இருந்தது எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்?"

பீரோவைக் கலைத்தாள். கட்டிலுக்கடியில் புகுந்தாள். பட்டுப்புடவையோடு அடுப்படியில் தவழ்ந்து தேடினாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. பார்க்கப் பார்க்க இவனுக்குள் கொதித்தது. தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இப்படித் துடித்திருப்பாளா?

"விடுடீ. நான் ஒருத்தன் இங்க நிக்கறனே, நான் போதாதா உனக்கு?"

அவள் நிமிர்ந்தாள். டிரம் மூடிமேல் அவன் கை இருந்ததைப் பார்த்தாள். தரையில் நாலு சாமை மணிகள் சிந்தியிருந்தன. புரிந்துவிட்டது.

"நீதான் ஒளிச்சியா? ஏன்யா?"

"அவரு இல்லன்னா உனக்குப் பொழுது போவாதோ? அவரக் கழுவறது இன்னா, தொடைக்கிறது இன்னா! அவரு, அவருன்னு உருகுறியே, தாலி கட்டினவன் அவனா நானா?"

மலைப்பாதையில் எட்டரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒருநாள் நீ குடிச்சிட்டு வந்தியே," என்றாள் மெதுவாக. "அப்ப உன்ன நான் இன்னான்னு கூப்ட்டேன்?"

சின்னராஜ் யோசித்தான். வாங்க, உக்காருங்க, சாப்டுங்க. மூன்று நாள் மரியாதையிலேயே அவனைக் காயப்போட்டாள். நாலாம் நாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகுதான் 'நீ' வந்தது.

"புடிக்காதவங்களதான்யா நான் அவரு இவருன்னுவேன். அதக் கண்டா எனக்கு ஆவல. ஒரு வருசமா பகலெல்லாம் உன் மூஞ்சில ஒட்டிக்கிட்டு கெடக்குது. எனக்குக் காட்டாததெல்லாம் அதுக்குக் காட்டுற. வயிறு எரியுதுய்யா எனக்கு."

"அப்பறம் ஏன் ஓடி ஓடிக் கழுவுன?"

"நீ கழட்டித் தள்ளும்போது அது சூடா இருக்கும். உன் சூடு. ஆறிப்பூடறதுக்குள்ள தொட்டுக்கணும்னுதான் ஓடியாருவேன். வேற இன்னாத்தத் தொட வுட்ட நீ?" காலி டப்பாவைக் காட்டினாள். "இன்னிக்கி அது இல்லன்னா மறுபடியும் அந்த ரூம்புக்குள்ள போயிடுவன்னுதான் தேடுனேன்."

சின்னராஜ் உள்ளறைக்குத்தான் போகப் பார்த்தான். கால் வாசலில் நின்றுவிட்டது. திரும்பி வந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக அவள் எதிரே உட்கார்ந்து, துண்டை அவிழ்த்தான்.

அவள் கத்தவில்லை, கண்ணையும் மூடவில்லை. பள்ளமாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், தையல் ஓடிய வழியெல்லாம் பார்த்தாள்.

"இம்மா நாளா இதையா மறைச்ச?" என்று கையை நீட்டிக் கன்னமிருந்த இடத்தில் வைத்தாள். அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த இடத்தில் நரம்பெல்லாம் செத்துவிட்டது. அவள் கை அங்கே இருப்பது அவனுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. இதை இப்போது அவளிடம் எப்படிச் சொல்வது? அப்புறம் அவள் விரல்களைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, உணர்ச்சி தொடங்குகிற தாடையோரத்தில் வைத்து அழுத்திக்கொண்டான்.