மூன்றாவது வரிசை

டெய்லரக்கா அந்த நீல கவுனை உட்புறம் திருப்பினாள், கை அப்படியே நின்றுவிட்டது. விலாப் பக்கத்தில், அளவைச் சிறிதாக்க, ஏற்கெனவே இரண்டு வரிசைத் தையல். இரண்டும் அவள் கையால் போட்டதுதான். இப்போது மூன்றாவதாக ஒன்று போடச் சொல்லி வந்திருக்கிறது.

"சீக்கிரம்க்கா. பதினோரு மணிக்கு அப்பா வந்துருவாரு," என்றாள் வாயாடி.

இருவருக்கும் ஒரே அறை, ஒரே நோய். சாப்பாட்டைக் கண்டால் பயம். அதைக் குணப்படுத்துகிற விடுதி இது. தட்டு காலியாகும்வரை எதிரில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருப்பாள். கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஊசி வேண்டுமென்றால்கூட பெரிய சிஸ்டரின் மேஜையில், அவள் கண்முன்னால் தைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாயாடிக்கு இன்றோடு விடுதலை. வாராவாரம் எடை ஏறியதாம். பெரிய சிஸ்டர் மற்றவர்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவாள்.

எடைமெஷினை எப்படி ஏமாற்றினாளோ, அது அவளுக்கே வெளிச்சம். துணியை ஏமாற்ற முடியுமா? சேர்ந்த அன்று சிக்கென்று இருந்த சொந்தக் கவுன் இது; அப்பா பார்க்க வரும் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வாள். பதினெட்டு வருஷம் மெஷின் மிதித்த டெய்லரக்கா, தெருவில் போகிறவர்களைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் முதல் தடவை, சலவையில் துணி தொளதொளத்துவிட்டது என்று நினைத்தாள். இரண்டாம் தடவை நினைக்கவே இல்லை. ஊசியைத் தொட்ட சந்தோஷத்தில், மடியில் துணி கிடக்கிற சுகத்தில், பேசிக்கொண்டே பிடித்துக் கொடுத்துவிட்டாள். பெரிய சிஸ்டர் வேறு, "எவ்ளோ நேர்த்தியா தைக்கிறீங்க!" என்று மெச்சினாள். அடப் பாவமே! அந்தப் பெண் கரைந்துகொண்டிருக்க, அது வெளியே தெரியாமல் இவளல்லவா மூடித் தைத்திருக்கிறாள்!

"நீ இப்படியே வீட்டுக்குப் போனா செத்துருவடி," என்றாள்.

வாயாடியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "சொல்லிக் குடுக்கப் போறீங்களா? தாராளமா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை உங்க தட்டு எப்படிக் காலியாச்சுன்னு நானும் சொல்றேன். அப்புறம் சனிக்கிழமை உங்க பாப்பா வந்த மாதிரிதான்."

பொய் இல்லை. தட்டில் தில்லுமுல்லு செய்தால் ஒரு மாதத்துக்கு யாரும் பார்க்க வரக் கூடாது என்பது விடுதிச் சட்டம். பாப்பாவுக்கு ஆறு வயது. இரண்டு மாதமாகப் போனில் குரல் மட்டும்தான். "அம்மா, எனக்குப் பல்லு விழுந்துருச்சே! எடுத்து வெச்சிருக்கேன், வந்து காட்றேன்" என்று நேற்றுதான் குதித்தது.

டெய்லரக்கா கவுனை எடுத்துக்கொண்டு போய் பெரிய சிஸ்டரின் எதிரில் உட்கார்ந்தாள். ஊசி வேண்டாம், சின்னக் கத்தரிக்கோல் போதும் என்றாள்.

"கடைசி நாள்கூட உங்கள விட மாட்டேங்கறாளா?" என்று சிரித்துவிட்டு, பெரிய சிஸ்டர் டிஸ்சார்ஜ் தாளில் குனிந்துகொண்டாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தால் பாப்பாவின் பொக்கைச் சிரிப்புதான் முன்னால் வந்து நின்றது. வாய் வரவில்லை. கைதான் வந்தது. முதல் வரிசையைப் பிரித்தாள். பிறகு இரண்டாவதையும்.

விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. வீடு திரும்புகிறவள் விடுதி உடுப்பைச் சலவைக்குப் போட்டுவிட்டு, சொந்த உடுப்பில் நடைவழியே வர வேண்டும். மற்றவர்கள் இருபுறமும் நின்று கைதட்டுவார்கள். வாயாடியின் பெட்டி அதற்குள் காரில் ஏறிவிட்டது. உடை மாற்றும் அறை வாசலில், மடித்த கவுனைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும், நீங்க தங்கம்க்கா," என்று டெய்லரக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள்.

கதவு வெகுநேரம் திறக்கவில்லை. நடைவழியின் கோடியில் அப்பா, புதுச் செருப்புப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். "வாம்மா, என்ன வெக்கம்?" என்றார்.

வாயாடி வந்தாள். கைதட்டல் ஜோராக ஆரம்பித்து, அவள் கடக்கக் கடக்க ஒவ்வொருவராக ஓய்ந்தது. கவுன் ஒரு தோளைவிட்டு வழிந்திருந்தது. இடுப்பில் துணியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். நடைவழியோரம் மேஜையில் இருந்த பெரிய சிஸ்டர் எழுந்துவிட்டாள்.

"கைய எடும்மா."

வாயாடி எடுக்கவில்லை. நேராக டெய்லரக்காவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அப்பா மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார். டெய்லரக்காவின் மூடிய கைக்குள் நீல நூல் துண்டுகள் வியர்வையில் ஒட்டிக் கிடந்தன.