விளக்கு வைத்த பிறகு உப்பு தராத சிந்தாமணி

...ஆக, சிந்தாமணியைப் பேசவைப்பது கம்ப்யூட்டர் என்றே சனம் முடிவு கட்டிவிட்டது, அப்பாடா, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டராம், மனுஷனாக இருந்தால் இந்தக் காலத்தில் இப்படிப் பேசுவானா என்று கேட்டிருக்கிறார்கள், கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்... செல்லத்துரை ஊருக்குத் திரும்பும் புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டார். காலையில் இதே பாதையில் கேகாலைக்கு வந்தபோது வயிற்றுக்குள் ஒரு வாய் தேத்தண்ணிகூட இறங்கவில்லை, இப்போது அந்த வயிறு பசிக்கிறது, பஸ் நிலையத்தில் மீன் வைத்த மாலு பணிஸ் விற்கிறவனைக் கண்டால் கூப்பிடத் தோன்றுகிறது, மனுஷ வயிறு எவ்வளவு சீக்கிரம் கட்சி மாறுகிறது! காலையில் எத்தனை ஒத்திகை... ஐயா, வாய் தவறிடுச்சு என்று சொல்வதா, மெஷினில் கோளாறு என்று அதை ஓட்டுகிற பயாஸ் தலையில் போடுவதா, அல்லது நான் சொன்னதில் என்ன பிழை என்று முதல் ஆளாகச் சண்டைக்கு நிற்பதா, பேரத்தில் எப்போதும் முதலில் கோபப்படுகிறவனுக்குத்தானே விலை குறையும். ஒன்றும் தேவைப்படவில்லை. கொண்டுபோன சரக்கெல்லாம் பிரிக்காமலே திரும்பி வருகிறது.

பழி எல்லாம் அந்தக் கோயில் மணியால் வந்தது. நேற்றுச் சாயங்காலம் ஆறரைக்கு லைவ், பயாஸின் போன் கடை மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில், செல்லத்துரை தலையில் ஹெட்செட்டும் முகத்துக்கு நேரே கேமராவுமாக உட்கார்ந்திருந்தார். அவர் கையை உயர்த்தினால் திரையில் கார்ட்டூன் பொம்மை சிந்தாமணி கையை உயர்த்துவாள், அவர் புருவத்தைத் தூக்கினால் அவளுடைய உள்ளங்கை அகலக் கண்களுக்கு மேலே புருவம் தூக்கும், அவருடைய கட்டைக் குரல் ஒரு மெஷினுக்குள் நுழைந்து இருபத்திரண்டு வயதுக் குமரியின் குரலாக மறுபக்கம் வெளியே போகும். பச்சைத் தாவணி, ஒற்றைப் பின்னல், மூக்கில் ஒரு கல், அவள்தான் மலைமுகடு கம்பெனியின் தேயிலைக்கும் கறித்தூளுக்கும் முகம். எல்லாக் கம்பெனியும் இப்போது இப்படி ஒருத்தியை வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது, கொழும்பில் ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் பூனைக் காதோடு ஒருத்தி இருக்கிறாளாம். ஏன் வைக்கமாட்டார்கள், அவளுக்கு வயசாகாது, கல்யாணம் முடித்துக் கனடா போகமாட்டாள், போட்டிக் கம்பெனித் தேயிலையைக் குடித்து எவன் கண்ணிலும் படமாட்டாள். ஆனால் அவளுக்கும் ஒரு வாய் வேண்டுமே, வாய்க்குத்தான் பஞ்சம். கொழும்பிலிருந்து மூன்று பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள், எழுதிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தார்களாம், தோட்டத்துச் சனம் ஒரு கேள்வி கேட்டால் மறு கேள்வி கேட்கத் தெரியவில்லை. பயாஸ்தான் சொன்னான், எங்க ஊர்ல ஒரு மொதலாளி இருக்காரு, கடை போச்சு, வாய் போகல்ல.

கடை போனது உண்மை. டீசலுக்கும் பால்மாவுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம், சாமான் வராமல் ராக்கைத் தட்டெல்லாம் பல்லிளித்து, கடைசியில் சாவியைக் கட்டிடக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்த செல்லத்துரைக்கு ஐம்பத்தாறு வயதில் வேறு என்ன வேலை தெரியும்? பேசத் தெரியும். மல்லித்தூள் நிறம் மட்டமாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், நிறத்தையா அக்கா குழம்பு வைக்கப்போறீங்க, மூக்குக்கிட்ட கொண்டு போங்க என்று சொல்லத் தெரியும். அதைச் சிந்தாமணி சொன்னபோது தெரணியகலையிலிருந்து கேகாலை வரை சனம் சிரித்தது. அவர் சொன்ன காலத்தில் எவனும் சிரிக்கவில்லை, அது வேறு கதை... இல்லை, அதுதான் கதையோ?

நேற்று முதன்முதலாக உப்பு. கம்பெனி புதிதாக உப்புப் பைக்கட் இறக்கியிருக்கிறது, அறிமுகம், ஆறே முக்காலுக்கு எடுத்துக் காட்டவேண்டும் என்று பேப்பரில் எழுதியிருந்தது. அவர் கை பைக்கட்டுக்குப் போகிறது, சரியாக அந்த நொடியில் எதிரே பிள்ளையார் கோயிலில் மணி அடிக்கிறது, பஞ்சு ஒட்டிய சுவரையும் தாண்டி ஒரு மெல்லிய டாண்... பிறகு நடந்ததில் அவருக்குப் பங்கே இல்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த மணிக்கு அவர் வாய் என்ன சொல்லிப் பழகியதோ அதைச் சொன்னது. பைக்கட்டை இரண்டு கையாலும் மூடி மறைத்து, "விளக்கு வச்சாச்சு. உப்பும் ஊசியும் இனிக் கேக்காதீங்க. சீதேவி வெளிய போயிருவா. காலையில வாங்க, தாறேன்." சொல்லி முடித்து, பழக்கதோஷத்தில் கல்லாவை மூடுவதுபோல் மேசையை ஒரு தள்ளும் தள்ளிவிட்டார். திரையில் சிந்தாமணி உப்பை ஒளித்துவைத்துக்கொண்டு காற்றில் எதையோ மூடினாள். அறைக்கு வெளியே பயாஸ் தலையில் கை வைத்தது கண்ணாடி வழியே தெரிந்தது. சொந்தக் கம்பெனியின் உப்பை, அறிமுக நாளில், விற்கமாட்டேன் என்று சொன்ன விளம்பரப் பெண் உலகத்திலேயே சிந்தாமணி ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

உப்பு விற்காமல் போனது ஒரு பக்கம் கிடக்கட்டும், அவரை உலுக்கியது அதில்லை. அந்த வார்த்தை. அந்த இழுவை, அந்த 'தாறேன்', அது செல்லத்துரையின் கையெழுத்து மாதிரி, பஜாரில் யார் கேட்டாலும் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்களே! உள்ளே இருப்பது யார் என்று வெளியே தெரிந்தால் அன்றோடு வேலை முடிந்தது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வேலை போனால்கூட ஏதாவது செய்யலாம், அதற்குப் பிறகு பஜாரில் எப்படி நடப்பது? கோயில் சபைச் செயலாளர் செல்லத்துரை பச்சைத் தாவணி கட்டி ஆடுகிறார் என்று... வீட்டில் மனைவி மங்கையர்க்கரசியிடம் கம்பெனிக்கு ஸ்டொக் பார்க்கும் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறார். இராத்திரி அவர் புரண்டு படுத்ததற்கு, "என்னங்க, மூட்டைப்பூச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் கேகாலைக் கம்பெனி ஒபிசில், லைவ்வுக்குப் பொறுப்பான டிலானி மிஸ் கதவைச் சாத்தினாள். செல்லத்துரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அனே அங்கிள், என்னா செஞ்சீங்க நேத்து?" என்றாள். சண்டைக்கு நிற்பதா, பயாஸ் தலையில் போடுவதா என்று அவர் யோசிக்கும்போதே போனை அவர் பக்கம் திருப்பினாள், அந்தத் துண்டு வீடியோ மட்டும் தனியாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்ததை அவளே வாசித்தாள். "இது கம்ப்யூட்டர் மூளைதான், பழைய ஆட்கள் பேசினதையெல்லாம் உள்ளே போட்டுப் பழக்கியிருக்கிறார்கள்." "எந்த மனுஷன் வந்த யாவாரத்தை வேணாம்பான்?" அவள் சிரித்தாள். "ஒருத்தருக்கும் சந்தேகம் இல்ல அங்கிள். ஹெட் ஒபிஸ்ல சொல்லிட்டாங்க, உப்பு லைவ்வ இனிக் காலையில பத்து மணிக்கு வைக்கணுமாம். காலையில வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனா அந்தத் தொண்டையக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு தரம் செருமினீங்க. சிந்தாமணிக்குச் சளி, தடிமனான்னு ஆக்கள் கேக்குறாங்க, அவளுக்கு எப்பிடி அங்கிள் தடிமன் வரும்?" என்றாள். வராது, வராது மிஸ், இனி வரவே வராது. அவர் படியிறங்கியபோது படிகள் இருந்தனவா என்றே நினைவில்லை.

"இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட," என்று கொண்டக்டர் நிற்கிறவர்களையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தத் தள்ளலில் வந்து பக்கத்து இருக்கையில் பொத்தென்று விழுந்த உடம்பை செல்லத்துரை திரும்பிப் பார்த்தார், பார்த்ததும் கராம்பு தொண்டைக்குள் போகப் பார்த்தது. ஹாட்வெயார் கடை ஸ்ரீதரன். உலகத்தில் யாரைப் பார்த்தாலும் இன்றைக்கு இவனைப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு லைவ்விலும் முதல் ஆளாக வந்து, சிந்தாமணித் தங்கச்சிக்கு வணக்கம் என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு இதயம் ஒன்று, சில நாள் மூன்று, போடுகிறவன் இவன். அந்த இதயங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, வணக்கம் ஸ்ரீ அண்ணா என்று கண்ணைச் சிமிட்டுகிறவர் செல்லத்துரை. உண்மை வெளியே வந்தால் ஒருவன் மட்டும் ஊரைவிட்டுப் போனால் போதாது, இரண்டு பேரும் போகவேண்டும்.

"அண்ணே, நீங்களா! கேகாலைப் பக்கம்?" என்றான் ஸ்ரீதரன். "ஸ்டொக் விசயமா," என்றார். "அது கெடக்கட்டும், நேத்து சிந்தாமணி செஞ்சதப் பாத்தீங்களா?" பார்க்கவில்லையே என்று சொன்னால் போனை எடுத்துக் காட்டுவான், பார்த்தேன் என்றால் எப்படி இருந்தது என்பான், செல்லத்துரை இரண்டுக்கும் நடுவில் தலையை ஆட்டினார். ஸ்ரீதரன் அதற்கும் போனை எடுத்தான். பஸ் இரைச்சலில், எல்லோரும் கேட்க, உப்பும் ஊசியும் இனிக் கேக்காதீங்க, என்று அவருடைய வாக்கியம் அவர் மடிக்குப் பக்கத்திலேயே குமரியின் குரலில் ஓடியது. இரண்டு தரம் போட்டான். "ஒங்க கடையிலயும் இப்பிடித்தானேண்ணே சொல்லுவீங்க? ஒருக்கா எங்க வீட்டுக்காரி, மக பள்ளிக்கூட உடுப்பு கிழிஞ்சிருச்சுன்னு, அந்தி நேரத்துல ஒரு ஊசி கேட்டு ஓடி வந்தா. இல்லன்னு அனுப்பிட்டீங்க. ஞாபகமிருக்கா?" இதோ வந்துவிட்டது, கேகாலையில் தப்பித்தது பஸ்ஸில் பிடிபடுகிறது, செல்லத்துரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், வெளியே ரப்பர் மரங்கள் மார்பில் பால் பிடிக்கும் சிரட்டையோடு வரிசையாகப் பின்னால் ஓடின, குதித்துவிடலாமா... "இருக்கு," என்றார், சொந்தக் குரலிலேயே.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுச் சொன்னீங்களாம். எங்க வீட்டுல ஒரு கெழம ஏசினா ஒங்களை. ஆனா இந்தப் புள்ள பாருங்க, அதே வார்த்தைதான், என்னா மரியாத, என்னா இனிமை! நீங்களும் அப்பவே இப்பிடிச் சொல்லியிருந்தா கடை இன்னைக்கும் நின்னிருக்கும்ணே." ஸ்ரீதரன் தன் பகடிக்குத் தானே தொடையில் தட்டிக்கொண்டான். செல்லத்துரை கம்பியை விட்டார், இருபத்தெட்டு வருஷம் முகத்துக்கு முகம் பார்த்தவன், சந்தேகத்தின் நிழல்கூட இல்லை, நிம்மதி, பெரிய நிம்மதி... அந்த நிம்மதியின் அடியில் ஒரு சின்னக் கல், அரிசியில் கிடப்பதுபோல் கடிபட்டது. அதே வாய் அல்லவா, அதே 'தாறேன்' அல்லவா, ஒருத்தனுக்குமா அடையாளம் தெரியவில்லை? தெரிந்திருந்தால் செத்தேன், தெரியாததற்கு ஏனடா உனக்குக் கோபம் வருகிறது? அவள் சொன்னால் மரியாதை, இவர் சொன்னால் மூஞ்சி. அப்படிப் பார்த்தால் சிந்தாமணியாக இருக்கும்போது அவர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்தான். மிளகுத்தூள் விற்ற அன்றைக்கு, வீட்டுல யாரு சமையல் என்று ஒருவர் கேட்க, "எங்க வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க கோவத்துல வைக்கிற ரசத்துக்குக்கூட நான் ரெண்டாந்தரம் கிண்ணம் நீட்டுவேன், வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லத்தான் எனக்கு வெக்கம்," என்று கண்ணை மூடிச் சொன்னாள் சிந்தாமணி. பேப்பரில் அது இல்லை. மங்கையர்க்கரசியிடம் இத்தனை வருஷத்தில் உப்புக் கூடிருச்சு, உறைப்புக் கூடிருச்சு என்பதைத் தவிர ஒன்று சொல்லியிருப்பாரா?

போன் அடித்தது. அவள்தான். "என்னங்க, எங்க வாறீங்க?" "பஸ்ஸுல." "போன வேலை என்னாச்சு?" "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாப் போச்சு." "ம்... சரி. வாற வழியில ஒரு பைக்கட் வாங்கிக்கங்க, உப்பு ஜாடி நெறைஞ்சிருக்கு." தீர்ந்துவிட்டது என்று அவள் எந்நாளும் சொல்லமாட்டாள், கடைக்காரன் பெண்சாதி, உப்பு இல்லை என்ற சொல் அந்த வீட்டில் கேட்கக்கூடாது, நெறைஞ்சிருக்கு என்றால் துடைத்து வைத்தாயிற்று என்று அர்த்தம். "விளக்கு வைக்க முன்னுக்கு வாங்கிருங்க, பொறகு தர மாட்டாளாமே," என்றாள். ஊரே இன்றைக்கு இந்தப் பகடியைத்தான் சொல்கிறது, இவளும் சொல்கிறாள், செல்லத்துரை சிரித்துக்கொண்டே போனைக் காதிலிருந்து எடுக்கப்போனார். அவள் இன்னும் வைக்கவில்லை. "அப்பிடியே சுருக்கா வாங்க. நேத்து சிந்தாமணிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. கொத்தமல்லி அவிச்சு வச்சிருக்கேன், ஆறிப்போயிரும்." வைத்துவிட்டாள்.

"யாருண்ணே, வீட்டுலயா? என்னவாம்?" என்றான் ஸ்ரீதரன். "உப்பு வாங்கிட்டு வரச் சொல்றா." "பொழுதோட வாங்கிருங்கண்ணே!" என்று அவன் மறுபடி தொடையில் தட்டினான், இந்தத் தடவை செல்லத்துரையின் தொடையில். அவருக்கு வலிக்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு மேலே வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது, மணி அடிக்க நேரம் இருக்கிறது, உப்பு கிடைக்கும். வாயில் மிச்சமிருந்த கராம்பைக் கடித்தார், காரம் மூக்குவரை ஏறியது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சரி, தெரிந்துவிட்டுப் போகட்டும், இவ்வளவு பயந்ததற்கு இது ஏன் சுகமாக இருக்கிறது... ஆனால் எப்போதிருந்து? நேற்றிலிருந்தா, முதல் லைவ்விலிருந்தா, அந்த ரசப் பேச்சுக்கு முன்னாலா, பின்னாலா?