குகைக்குள் கூப்பிட்ட பெயர்

டாரியோவுக்குத் தன் மாமனாரின் பெயர் தெரியும். கொரோன் தீவில் அது தெரியாத ஆள் கிடையாது. ஆனால் மில்டாவைக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவன் வாயில் வந்ததில்லை. மருமகன் மாமனாரின் பெயரைச் சொன்னால் வயிறு ஊதும். ஊதி ஊதி ஆளையே கொண்டுபோய்விடும். மனைவி முழுகாமல் இருந்தாலோ, அந்தக் கேடு நேராக அவள் வயிற்றுக்குப் போகும். போன வருடம் மில்டாவுக்குப் பிள்ளை கலைந்தபோது, பார்க்க வந்த பெண்கள் அவளிடம் துக்கம் விசாரிப்பதற்கு முன்னால் இவனைத்தான் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். "தூக்கத்துல கீக்கத்துல உளறிட்டியா?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் அவன் பல நாள் தூங்கவே பயந்தான்.

இப்போது மில்டாவுக்கு ஏழாம் மாதம்.

மாமனார் ஒவ்வொரு வருடமும் நல்ல விலை போகும் உழவாரக் குருவிக் கூடு எடுக்கக் குகைக்குப் போகும்போது அவருடைய மகன்தான் கீழே நிற்பான். அவன் கையை முறித்துக்கொண்டு கிடந்ததால் இந்த வருடம் டாரியோவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். டாரியோ ஏரிக்குப் போகும் மரப்படிகளில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குகிறவன். பன்னிரண்டு ஏரிகளில் எதில் குளிக்கலாம், எதன் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன். குகையில் உயரம் ஏறியவனில்லை.

"வெள்ளக்காரிக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்ட கை," என்றார் மாமனார், படகைத் தள்ளிக்கொண்டே. "காட்டுக்கொடியப் புடிச்சு ஏறுனா கொப்புளம் வந்துருமே மாப்ள. மருந்து எடுத்துக்கிட்டியா?"

"கீழதானே மாமா நிக்கப்போறேன்?"

"கீழ நிக்கவும் தெம்பு வேணும். போன தடவ எம் மவன் நின்னுக்கிட்டே தூங்கிட்டான்."

அவர் சிரித்தார். டாரியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்ணாம்புப் பாறை கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து, காலை வெயிலை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தது. பாறையின் அடியில் நீர் வற்றியபோது மட்டும் தெரியும் வாய்தான் குகைக்கு வழி.

அந்தக் குகை மாமனாரின் பரம்பரைச் சொத்து. ஒரு காலத்தில் அரசாங்கம் விட்ட ஏலத்தில் அதை யார் யாரோ எடுத்து, சொந்தக்காரனையே கூலிக்கு ஏற வைத்தார்கள். மாமனார் இளவட்டமாக இருந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தீவையும் கடலையும் திரும்ப வாங்கியவர்களில் ஒருவர். குகை கைக்கு வந்த அன்று அவர் உள்ளே போய்க் குழந்தை மாதிரி அழுதார் என்று மில்டா சொல்லியிருக்கிறாள். வேறெதற்கும் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

வாசலில் புகையிலையை வைத்து, முணுமுணுத்து உத்தரவு கேட்டார். பிறகு திரும்பி, முகத்தில் விளையாட்டே இல்லாமல் சொன்னார். "உள்ள போனா மொறை சொல்லித்தான் கூப்பிடணும். யாரும் யாரு பேரையும் சொல்லமாட்டாங்க. பேரச் சொல்லி ஒரு குரல் வந்துச்சுன்னா அது மனுஷக் குரல் இல்ல, இந்தக் கொகையில இருக்கிற பேய், பன்யான். யார் குரல்ல வேணும்னாலும் வரும், உன் பொண்டாட்டி குரல்லகூட. பதில் குடுக்காத. வெளக்க அணைச்சுட்டு செவத்தோட ஒட்டிக்க."

"தெரியும் மாமா."

"தெரியும்னு சொல்றவன்தான் மொதல்ல திரும்பிப் பாப்பான்."

உள்ளே இருட்டு. ஆயிரக்கணக்கான குருவிகள் டிக் டிக்கென்று இடைவிடாமல் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த அறையில் மாமனாரின் தம்பியும் அவருடைய மருமகன்களும் வேலையில் இருந்தார்கள். "மாமா, இந்தப் பக்கம்!", "மாமா, கூடைய எறக்கவா?" என்று அவர்கள் குரல் பாறை வழியாக வந்துகொண்டே இருந்தது. இந்தத் தீவில் தலை நரைத்த ஆம்பளை எல்லோரும் யாருக்காவது மாமாதான்.

மாமனார் உச்சியிலிருந்து தொங்கிய காட்டுக்கொடியைப் பிடித்து ஏறினார். டாரியோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியில் கட்டிய விளக்கு சிறுத்துச் சிறுத்து மின்மினி ஆனது. மேலே ஒரு விளிம்பில் கால் வைத்து, ஏறி வந்த கொடியை அவர் விட்டார். அது ஆடியபடி நடுவெளிக்குப் போனது. அந்த விளிம்பிலிருந்து இன்னொரு கொடி தொங்கியது, போன பருவத்தில் கட்டி விட்டுப்போனது. அதைப் பிடித்துத் தாவினால் எதிர்ச்சுவர். அங்கேதான் வெள்ளைக் கூடுகள் அதிகம்.

டாரியோ தன் விளக்கை அந்தப் பழைய கொடியின் உச்சிக்குத் திருப்பினான். சும்மாதான் திருப்பினான்.

முடிச்சுக்குக் கீழே, மாமனாருக்குத் தெரியாத பின்பக்கத்தில், கொடி கறுத்து உளுத்துப் போயிருந்தது. எலி கடித்ததோ, ஈரம் தின்றதோ, நாலு நார்தான் பாக்கி இருந்தது.

"மாமா!"

அவர் திரும்பவில்லை.

"மாமா! தொடாதீங்க! மாமா!"

அடுத்த அறையிலிருந்து "என்னடா?" என்று வேறு யாரோ கேட்டார்கள். மாமனார் கூடையை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். கல்லை எடுத்து எறிந்தான். பாதி உயரம்கூடப் போகவில்லை. விளக்கை ஆட்டினான். அவர் இவன் பக்கம் பார்க்கவே இல்லை. விரல்கள் கொடியைத் தொட்டன.

மில்டாவின் வயிறு ஒரு கணம் அவன் கண்முன் வந்தது. பிறகு அவன் வாய் தானாகத் திறந்தது.

"செவெரோ!"

குருவிகள்கூட ஒரு நொடி அடங்கியது போல் இருந்தது. அடுத்த அறையில் பேச்சு சட்டென்று நின்றது. மேலே மாமனாரின் விளக்கு அணைந்தது.

விழுந்த சத்தம் இல்லை. அவர் கொடியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார் என்று டாரியோவுக்குப் புரிந்தது. காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் இனி அசைய மாட்டார். அவரைப் பொறுத்தவரை கீழே நிற்பது மருமகன் இல்லை. கால் வைக்கவே இடம் போதாத அந்த விளிம்பில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அறுபது தாண்டிய கால்கள்.

"மாமா, நான்தான்!" என்று கத்தினான். மேலே விளக்கு மறுபடி எரியவில்லை. அடுத்த அறையில் ஆட்கள் அவசர அவசரமாக வெளியேறும் சத்தம் மட்டும் கேட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவனாக இருந்தாலும் ஓடியிருப்பான்.

மாமனார் ஏறிப் போன கொடியைப் பிடித்து டாரியோ ஏறினான். கை வழுக்கியது. குருவிகள் முகத்தில் மோதின. ஒரு தடவை கீழே பார்த்தான். கொடியைக் காலால் இன்னும் இறுக்கிக்கொண்டு ஏறினான். ஏறிக்கொண்டிருப்பது நான்தானா என்று ஒரு கிறுக்குச் சந்தேகம் அவனுக்கே வந்தது.

விளிம்புக்கு நேராக வந்ததும் அவன் விளக்கொளி மாமனாரின் முகத்தில் விழுந்தது. அப்படி ஒரு பயத்தை அவன் எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை. கூடு சுரண்டும் கத்தி அவன் கழுத்தை நோக்கி நீண்டிருந்தது.

"கிட்ட வராத."

"மாமா, நான் டாரி..."

"பேர் சொல்லாத! எம் மருமவன் மூஞ்சிய எதுக்குப் போட்டுக்கிட்டு வந்த?" அவர் குரல் உடைந்தது. "அவன் என் பேரச் சொல்லமாட்டான். செத்தாலும் சொல்லமாட்டான்."

டாரியோவின் கைகள் மரத்துக்கொண்டிருந்தன. கத்தி முனை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது.

"இன்னொரு தடவ சொல்லு. இப்ப என் பேரச் சொல்லு, கேப்போம்."

டாரியோ வாயைத் திறந்தான். மூடினான். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மாட்டேன் மாமா. குத்துறதுன்னா குத்துங்க. இன்னொரு தடவ என்னால முடியாது. மில்டா வயித்துல புள்ள இருக்கு மாமா."

மாமனார் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு கத்தி மெல்லத் தாழ்ந்தது. பேய்க்கு என்ன வந்தது, கேட்டால் பத்துத் தடவை சொல்லும். அழுதுகொண்டு வாயை மூடிக்கொள்வது மனுஷன்தான்.

டாரியோ தலையைச் சாய்த்து நெற்றி விளக்கைப் பழைய கொடியின் முடிச்சுக்குத் திருப்பினான். மாமனார் பார்த்தார். இரண்டு விரலால் லேசாக இழுத்தார். கொடி அறுந்து இருட்டுக்குள் போனது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை.

டாரியோ ஏறி வந்த கொடியிலேயே இருவரும் இறங்கிப் படகுக்கு வந்தார்கள். டாரியோ துடுப்பு போட்டுக்கொண்டே அடிக்கொரு தரம் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மாமனார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் குகை வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீர் ஏறி அது மூடும்வரை பார்த்தார்.

அவர்கள் கரைக்கு வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டிருந்தது. ஊரே கூடியிருந்தது. மில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்வரை வந்து நின்றாள். நஞ்சு போகக் கடல்நீரில் ஊறப்போட்ட காட்டுக்கிழங்கின் ஈரம் அவள் கையில் அப்படியே இருந்தது.

"சித்தப்பா ஓடிவந்து சொன்னாரு," என்றாள். "உள்ள பேரக் கூப்பிட்டுச்சாம், எதிரொலில யார் பேருன்னு புரியலயாம். யார் பேருப்பா?"

"எம் பேரு."

கூட்டம் ஒரு எட்டு பின்வாங்கியது. எந்த ஆளைப் பன்யான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதோ அவன் அந்தக் குகைக்குள் மறுபடி கால் வைக்கக் கூடாது. குகையும் அவனுக்கு இல்லை, தம்பி வீட்டுக்குப் போய்விடும். அது மாமனாருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது டாரியோவுக்கும் தெரியும். கூப்பிட்டது தான்தான் என்ற உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் வாய் துடித்தது. மாமனாரின் கை அவன் மணிக்கட்டை எலும்பு நோகும்படி இறுக்கியது.

மில்டாவின் முகம் வெளிறிவிட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

"யார் குரல்ல கூப்பிட்டுச்சுப்பா?"

மாமனார் கூடையை இறக்கி மணலில் வைத்தார். ஒரே ஒரு கூடுதான் அதில் இருந்தது.

"தெரியாத குரல்," என்றார். "நம்ம வீட்டுக் குரல் இல்லம்மா. நீ போய் சோத்தப் போடு."