வாயால் கொடுத்த வண்டி

வாகன ஆய்வாளர் தரையில் குந்தி, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணின் மேல் கறுப்பு மசி படிந்திருந்தது. துடைக்கத் துணி கேட்டார். வண்டியைக் கொண்டுவந்திருந்த ஆபரேட்டர் தன் தோளில் கிடந்த துண்டையே எடுத்து நீட்டினார். மசி போனதும் ஆய்வாளர் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பள்ளமாய்க் கிடந்த எழுத்துகள் தாளில் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழும்பின.

"நம்பர் சுத்தமா இருக்கு," என்றார் எழுந்தபடி. "அரத்தால ராவின அடையாளமே இல்ல. திருட்டு வண்டின்னா மொதல்ல இதத்தான் ராவுவாங்க."

"துருவத் தவிர வேற யாரும் இந்த வண்டியத் தொட்டதில்ல சார்," என்றான் ஆபரேட்டரோடு வந்திருந்த டிங்கர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாகனப் பதிவு அலுவலகத்தின் பின்பக்க மைதானத்தில் அன்று வந்திருந்த வண்டிகள் எல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்களோ இந்த ஒரு காரைச் சுற்றித்தான் நின்றார்கள். மேல்பாதி பால் வெள்ளை, கீழ்பாதி கருநீலம். பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார். ஆபரேட்டரின் மனைவி சேலை முந்தானையால் கதவுக் கைப்பிடியை இன்னொரு முறை துடைத்தாள். தன் கல்யாணத்தன்று கட்டியதற்குப் பிறகு அந்தச் சேலையை அவள் பெட்டியிலிருந்து எடுத்தது இன்றுதான்.

"ஏறி உக்காந்து பாக்கலாமாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க," என்றாள். அவர் உண்மையிலேயே கழற்றிவிட்டு ஏறினார்.

ஆபரேட்டருக்கு இப்போது எந்த மெஷினும் இல்லை. ஆனாலும் மெஷின் போனதோடு பேர் போகவில்லை. தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். கை உள்ளே போகாதபடி அதில் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. தடுப்பு இருந்தால் வேலை நத்தை மாதிரி நகர்கிறது என்று முதலாளி அதைக் கழற்றிவைக்கச் சொன்னார். கழற்றிவைத்தார்கள். வேலை வேகமாகத்தான் ஓடியது. ஒருநாள் பிரஸ் இறங்கியபோது ஆபரேட்டரின் வலதுகை உள்ளே இருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் மிஞ்சின.

முதலாளி பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேஸு கோர்ட்டுன்னு போனா நீயும் அலையணும், நானும் அலையணும். யாருக்கு என்ன லாபம்? ஷெட்டுல எங்கப்பா காலத்து வண்டி ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துக்க. புக்கு, பேப்பரெல்லாம் எங்கயோ தொலஞ்சு போச்சு, அத மட்டும் நீ பாத்துக்க. ஓட்டினாலும் சரி, இரும்புக் கடையில போட்டாலும் சரி. இனிமே அது உன்னோடது."

ஆபரேட்டரின் மனைவி அப்போது கையில் கஞ்சி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தாள். முதலாளி போன பிறகு, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று வார்டு முழுவதும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோது தெருவே கூடிச் சிரித்தது. பின் இருக்கையில் கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. "வண்டி ஓடாட்டியும் ஆம்லெட்டுக்குக் கவலையில்ல," என்றான் அடுத்த வீட்டுக்காரன். டிங்கர் ஆபரேட்டர் மனைவியின் தம்பி. வண்டிகளின் தகடு நிமிர்த்துவதுதான் அவன் பிழைப்பு. தன் வேலை முடிந்து வந்து, அக்கா வீட்டு வாசலில் துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். ஆபரேட்டர் எஞ்சினைப் பிரித்தார். இடதுகையால் ஸ்பானர் பிடிக்கப் பழகினார். நழுவி விழுந்தால் வேறு யாரும் எடுத்துத் தரக் கூடாது. அவரே குனிந்து எடுப்பார். சில நாள் அது விழுந்த சத்தத்துக்குப் பிறகு வாசலில் வெகுநேரம் ஒரு சத்தமும் இருக்காது. அவள் உள்ளே தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஸ்பானர் மறுபடி திருகும் சத்தம் கேட்டால்தான் அவள் கால் பெடலை மிதிக்கும்.

இருக்கைகளுக்கு ரெக்சின் தைத்தது அவள்தான். ரவிக்கை தைக்கிற மெஷின் அது. ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது டிங்கரின் யோசனை. வண்டியின் படத்தை அவன் கைப்பேசியில் போட்ட அன்றே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கல்யாண வீட்டார் சொல்லியும் வைத்துவிட்டார்கள். குறுக்கே நின்றது பதிவு ஒன்றுதான். புத்தகம் தொலைந்ததாகப் போலீஸில் சான்று வாங்கினார்கள், பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தார்கள், நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். இன்றோடு எல்லாம் முடிகிறது.

"வண்டி பாஸ்," என்றார் ஆய்வாளர். "உள்ள போய் அதிகாரியப் பாருங்க. கூப்பிட்டார்."

மூன்று பேரும் படியேறினார்கள். அதிகாரியின் அறைக் கதவைத் தள்ளியதும் அவள் கண்ணில் முதலில் பட்டவர் முதலாளி. மேஜைக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மூலை மடங்கிய, துணி அட்டை போட்ட பழைய புத்தகம். வண்டியின் பதிவுப் புத்தகம்.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"புக்கு கெடச்சிடுச்சா முதலாளி! அதக் குடுக்க நீங்களே இவ்வளவு தூரம் வந்தீங்களா? சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்து வாங்கியிருப்போமே!"

முதலாளி அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேப்பர் தொலஞ்ச வண்டின்னா, கடைசியா யார் பேர்ல இருந்துச்சோ அவங்களுக்கு நாங்க தகவல் அனுப்பணும். அது விதி. இவருக்கு அனுப்பினோம். வண்டி தன்னோடதுதான், யாருக்கும் குடுக்கலன்னு ஆட்சேபணை எழுதிக் குடுத்திருக்கார். புக்கும் அவர்கிட்டதான் இருக்கு."

அவள் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"முதலாளி," என்றார் ஆபரேட்டர். "நீங்கதானே..."

"ரிப்பேர் பண்ணச் சொல்லித்தானப்பா குடுத்தேன்," என்றார் முதலாளி. குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பேசிய அதே இதமான குரல். "கையும் போச்சு, சும்மா உக்காந்தா மனசு கெட்டுடும், ஒரு வேலையா இருக்கட்டும்னு குடுத்தேன். நல்லாத்தான் செஞ்சிருக்க. போட்டோ பாத்துட்டு எங்க வீட்டுல எல்லாரும் அசந்து போயிட்டாங்க. எங்கப்பா ஆசையா வாங்கின வண்டி. அத எப்படி வெளிய விடுவேன் சொல்லு. செஞ்ச வேலைக்குக் கூலி தரமாட்டேன்னா சொல்றேன்? ஆபீஸ்ல வந்து பில்லு குடு."

"தொலஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே," என்றாள் அவள்.

"தேடினேன், கெடச்சுது."

"எப்ப தேடினீங்க? கோழி முட்டை போட்டுட்டிருந்தப்பவா, இல்ல நாங்க பெயிண்ட் அடிச்ச பொறகா?" என்றான் டிங்கர். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு..."

"தம்பி, இது ஆபீஸ்," என்றார் அதிகாரி. பிறகு ஆபரேட்டரிடம், "எழுதி ஏதாவது வாங்கினீங்களா? துண்டுச் சீட்டாவது?"

"எழுதறதுக்கு இருந்த கைய இவர் மெஷினு தின்னுடுச்சு, அந்தக் கைக்குத்தான் சார் இந்த வண்டியக் குடுத்தாரு," என்றாள் அவள். சிரிப்பு இப்போது அவள் முகத்தை விட்டுப் போயிருந்தது. "கட்டில்ல படுத்துக் கெடந்த மனுஷன் எதுல எழுதி வாங்கறது? நான் பக்கத்துல நின்னு காதால கேட்டேன். என்னக் கேளுங்க. நான் சொல்றேன்."

"வாய் வார்த்தைய நான் ஃபைல்ல வைக்க முடியாதும்மா." அதிகாரி அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போங்க."

"போறோம். கைக்கும் சேத்தே போறோம். தடுப்பக் கழட்டச் சொன்னது யாருன்னு அங்க வந்து சொல்றோம்."

முதலாளி முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். "கைக்குக் கேஸு போடறதுக்குக் கெடு இருக்கும்மா," என்றார் மெதுவாக. "அது போன மாசமே முடிஞ்சுது."

அவள் தன் கணவரைப் பார்த்தாள், அப்படியா என்று கேட்பது போல. அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம்தான் அவர்கள் எஞ்சினை முதன்முதலாகக் கிளப்பினார்கள். தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். முதலாளி வீட்டுக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள்.

"சாவியக் குடுத்துடுங்க," என்றார் அதிகாரி.

டிங்கர் அக்காவைப் பார்த்தான். ஆபரேட்டர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அதே வளையத்தில் வீட்டுச் சாவியும் கிடந்தது. அதைக் கழற்ற, வளையத்தை இடதுகையில் பிடித்துக்கொண்டு, வலதுகையில் மிஞ்சிய இரண்டு விரல்களால் பிரிக்கப் பார்த்தார். வளையம் வழுக்கியது. மறுபடி பிரித்தார், மறுபடி வழுக்கியது.

"இங்க குடுப்பா," என்று முதலாளி வாங்கிக்கொண்டார். நகத்தால் வளையத்தை நெம்பி, வீட்டுச் சாவியைப் பக்குவமாகக் கழற்றி, ஆபரேட்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

கீழே முதலாளியின் டிரைவர் ஏற்கெனவே வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தான். முதலாளி பின் இருக்கையில் ஏறி, புது ரெக்சினை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். டிரைவர் சாவியைத் திருகினான். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருகினான். பெட்ரோல் வாடைதான் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

"வழிய மறிச்சா எப்படி? தள்ளுங்கப்பா, யாராவது தள்ளுங்க!"

ஆபரேட்டர் போனார். காரின் பின்பக்கம் போய், தோளைக் கொடுத்துக் குனிந்தார்.

"மாமா!" என்று டிங்கர் கத்தினான். "உங்களுக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? விடுங்க!"

"அடைச்சிட்டு நிக்குதுடா," என்றார் அவர், தலை நிமிராமல். "ஜனம் எத்தன நேரம் நிக்கும்."

அவள் மரம் மாதிரி நின்றாள். அவர் கால் ஜல்லியில் சறுக்கியது. ஊன்றிக்கொண்டு தள்ளினார். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் உருண்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது. பிடிப்பு விலகி அவர் முழங்காலில் விழுந்தார். ஜன்னல் வழியாக முதலாளியின் கை வெளியே வந்து, போதும் என்பது போல, இல்லையென்றால் நன்றி என்பது போல, ஒருமுறை அசைந்தது. வெள்ளையும் நீலமுமாய் வண்டி வாசலைத் தாண்டிப் போனது.

அவள் போய் அவரைத் தூக்கினாள். முழங்காலில் ஒட்டியிருந்த ஜல்லியைத் தட்டிவிட்டாள். மூன்று பேரும் மைதானத்தின் நடுவில் நின்றார்கள். எந்தப் பக்கம் போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

காவலாளி கிட்டே வந்தான். "உங்க வண்டி எதும்மா?"

அவள் அவனையே பார்த்தாள்.

"வண்டி இல்லாதவங்க உள்ள நிக்கக் கூடாது. கெளம்புங்க, கெளம்புங்க."

அவர்கள் நடந்தார்கள். பின்னால் அடுத்த வண்டி நெருங்கி வந்து ஹாரன் அடித்தது. மூன்று பேரும் சுவரோரமாக ஒதுங்கி, அதற்கு வழிவிட்டார்கள்.